பின் டிஸ்க் மாற்றும் வேலை: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

பின் சக்கரத்து பிரேக் டிஸ்க்கின் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) வெளிமுகத்தை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அலாய் வீல் இடுக்கில் குனிந்தால் கண்ணில் படுவது அதுதான். சேதி இருப்பது உள்முகத்தில். என் கார் பின்னால் ‘கிர்ர்’ என்று சத்தம் போடத் தொடங்கிய நாளில் வெளிமுகம் எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. சக்கரத்தைக் கழற்றி, செல்போனை உள்ளே நீட்டிப் படம் எடுத்துப் பார்த்தேன். உள்முகம் உழுது போட்ட வயல். இரண்டு டிஸ்க், அதை இரு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும் பேடு ஒரு செட் வாங்கி வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். எட்டே மாதம். அதே வலது பக்கம், அதே உள்முகம், மறுபடியும் கோடு. டிஸ்க்கைத் தின்றது காலிப்பரில் (பேடுகளை நெருக்கும் கவ்வி) இறுகிப்போயிருந்த ஸ்லைடு பின், அதாவது காலிப்பர் வழுக்கி நகர உதவும் கம்பி. முதல் தடவையே அதை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்திருந்தால் இரண்டாவது செட் காசு மிச்சம்.

ஆகவே இதை ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று வரிசையாக எழுதவில்லை. ஓட்டும்போதும், கழற்றும்போதும், மாட்டிய பிறகும் என்ன தெரிகிறதோ அங்கிருந்து காரணத்தைத் தேடிப் போகிற மாதிரி எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்து வரும் இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

முதலில்: உங்கள் ஹேண்ட்பிரேக் எந்த வகை?

முன் டிஸ்க் மாற்றியவர்கள் ‘பின்னாலும் அதே வேலைதானே’ என்று இறங்கி மாட்டிக்கொள்வது இங்கேதான். பின் சக்கரத்தில் ஹேண்ட்பிரேக்கும் சேர்ந்து குடியிருக்கிறது.

ஒரு வகையில் கேபிள் வந்து காலிப்பரின் முதுகிலுள்ள லீவரை இழுக்கும். காலிப்பருக்குள் இருக்கும் மரை அமைப்பு, பேடை நெருக்கும் பிஸ்டனை முன்னே தள்ளும். ஸ்கோடா லாரா, அதே காலத்து ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா எல்லாம் இப்படி. இந்தப் பிஸ்டனை வெறுமனே அழுத்தி உள்ளே அனுப்ப முடியாது, திருகிக்கொண்டே அழுத்த வேண்டும். இன்னொரு வகையில் டிஸ்க்கின் நடுவிலுள்ள கிண்ணத்துக்குள் ஒரு குட்டி டிரம், அதற்குள் வளைந்த பிரேக் துண்டுகளான இரண்டு ஷூ. ஹேண்ட்பிரேக் பிடிப்பது அந்த ஷூதான். காலிப்பருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதில் பிஸ்டன் சாதாரணமாக அழுத்தினாலே உள்ளே போகும்.

பட்டனை இழுத்தால் ‘ஊய்ங்’ என்று மோட்டார் ஓடும் எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் மூன்றாவது வகை. இதை ஸ்கேனர் கருவி வைத்தோ, அந்த வண்டிக்கென்று சொல்லப்பட்ட பெடல், பட்டன் வரிசையிலோ சர்வீஸ் மோடில் போட்ட பிறகுதான் பேடைத் தொடலாம். அப்படிச் செய்யாமல் பிஸ்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் பல்சக்கரம் உடையலாம். அதைவிட மோசம், விரல் உள்ளே இருக்கும்போது யாராவது பட்டனைத் தட்டிவிடுவது. உங்கள் வண்டிக்கு சர்வீஸ் மோடு எப்படி என்று தெரியாவிட்டால் பட்டறைக்கு விடுங்கள்.

ஜாக்கி போடும் முன்

பின் பிரேக் வேலையில் ஒரு வில்லங்கம் உண்டு. ஹேண்ட்பிரேக்கை இறக்கினால்தான் டிஸ்க் வெளியே வரும். இறக்கினால் வண்டி உருளும். அதனால் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தால் முதல் கியரிலோ, ஆட்டோமேட்டிக்கில் ‘பி’-யிலோ போட்டால் தரையில் நிற்கும் முன் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். பின்சக்கர இழுவை வண்டியில் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் கியரை நம்ப முடியாது, கட்டை மட்டுமே காப்பு.

சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு அடியில் ஜாக்கி ஸ்டாண்டு (இரும்புத் தாங்கி) கட்டாயம். வண்டியோடு வந்த கத்தரி ஜாக்கி டயர் மாற்ற மட்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் பார்க்கத்தான் கெட்டி, ஒரு முனையில் பாரம் குவிந்தால் சொல்லாமல் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுவது என் வழக்கம். பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றடிக்கவும் வேண்டாம். பிரேக் கிளீனர் அடித்து ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் பிரித்துப் போடவும் வேண்டாம். எந்தக் கிளிப் எங்கே, எந்தப் பேடு உள்ளே என்று குழப்பம் வந்தால் பிரிக்காத பக்கம்தான் உங்கள் மேனுவல்.

## வண்டி ஓடும்போது

காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் மட்டும் கரகரப்பு

மழை இரவு, அல்லது வண்டியைக் கழுவிய மறுநாள். டிஸ்க் வார்ப்பிரும்பு, ஒரு ராத்திரி ஈரத்தில் செம்மண் பூசின மாதிரி துரு படியும். நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். எதையும் மாற்ற வேண்டாம்.

நாள்கணக்கில் நின்ற வண்டியை எடுக்கும்போது பின்னால் ‘டக்’

ஹேண்ட்பிரேக்கைப் போட்டபடி மழைக்காலத்தில் நிறுத்தியிருப்பீர்கள். பேடும் டிஸ்க்கும் துருவால் ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது பிய்த்துக்கொண்டு வருகிற சத்தம் அது. ஒருமுறை என்றால் பரவாயில்லை. அதே இடத்தில் பேடு வடிவத்துக்கு ஒரு தழும்பு டிஸ்க்கில் பதிந்துவிட்டால், ஓட்டும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டுக் டுக்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். லேசான தழும்பு நூறு, இருநூறு கிலோமீட்டரில் தேய்ந்து போகும். விரல் நகம் தட்டுப்படும் அளவு குழி என்றால் டிஸ்க்தான். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி உப்புக் காற்று அடிக்கிற இடத்தில் வாரக்கணக்கில் வண்டி நிற்கப்போகிறது என்றால், சமதரையாகப் பார்த்துக் கட்டை வைத்து, கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிடுவது நல்லது.

ஒரு பக்கப் பின் சக்கரம் மட்டும் சூடு, அல்லது அந்தப் பக்கத்து அலாய் மட்டும் சீக்கிரம் கறுக்கிறது

அதிகம் நேரம் செலவழிக்க வேண்டிய அறிகுறி இதுதான். இந்த நிலையில் டிஸ்க்கை மட்டும் மாற்றுபவர் நான் முதல் தடவை செய்ததைத்தான் செய்கிறார்.

பத்து கிலோமீட்டர் ஓட்டி, முடிந்தவரை பிரேக் பிடிக்காமல் வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள். இரண்டு பின் சக்கரங்களுக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய் ஒப்பிடுங்கள். டிஸ்க்கைத் தொடக்கூடாது, தோல் உரிந்துவிடும். ஒரு பக்கம் அனல் அடித்தால், அந்தப் பக்கம் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆறவிட்டு, கட்டை வைத்து, தூக்கி, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசாக ‘சர சர’ என்று உரசினால் அது இயல்பு. ஒரு கையால் சுற்ற முடியாமல் இறுகினால் இந்த மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள்.

ஹேண்ட்பிரேக் கேபிளைக் காலிப்பர் லீவரிலிருந்து கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். சக்கரம் உடனே விடுபட்டால் கேபிளுக்குள் துரு, அல்லது யாரோ கேபிளை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கேபிளைக் கழற்றியும் லீவர் தன் நிறுத்தத்துக்கு (ஓய்வில் முட்டி நிற்கும் இடம்) திரும்பி வரவில்லை என்றால், லீவரின் அச்சே இறுகிவிட்டது. அந்தக் காலிப்பர் மாற்ற வேண்டியது.

கேபிளில் குற்றமில்லையா? காலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கும் ப்ளீடர் நிப்பிளில் ஒரு குழாய் மாட்டிப் பாட்டிலில் விட்டு, கால் சுற்றுத் திறந்துவிடுங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சி வந்து, சக்கரமும் விடுபட்டால், பெடலை விட்ட பிறகும் அழுத்தம் உள்ளேயே மாட்டியிருந்தது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் இப்படி என்றால் ரப்பர் ஹோஸைச் சந்தேகியுங்கள். வெளியே நன்றாகத் தெரியும், உள்சுவர் வீங்கி ஆயில் போக வழிவிட்டுத் திரும்ப வழிவிடாது. நிப்பிளைத் திறந்துவிட்டீர்கள் என்றால் காற்று எடுக்கும் வேலையும் கூடச் சேர்ந்துகொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள்.

நிப்பிளைத் திறந்தும் இறுக்கம் போகவில்லையா? அப்போது கோளாறு இரும்பில். ஸ்லைடு பின் இறுகியிருக்கும், அல்லது பிஸ்டன், அல்லது பேடின் இரண்டு காதுகளும் பிராக்கெட்டில் (பேடைத் தாங்கும் சட்டம்) துருவால் சிக்கியிருக்கும்.

ஸ்லைடு பின்கள் இரண்டு. ரப்பர் உறைக்குள் விரலால் தள்ளினால் போய் வர வேண்டும். வரவில்லை என்றால் சுற்றிச் சுற்றி இழுத்து எடுங்கள். பழைய கிரீஸ் மெழுகு மாதிரி கெட்டியாகியிருக்கும். பின்னையும் துளையையும் துடைத்து, துருவை நுண்ணிய உப்புத்தாளால் எடுத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகப் பூசுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று சாதா சேசிஸ் கிரீஸ் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதிப்போய், ஸ்லைடு பின் மறுபடி இறுகும். ஒரு பின்னில் மட்டும் நுனியில் ரப்பர் வளையம் இருந்தால், அது மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போடக் கூடாது. ஸ்லைடு பின்னில் குழி விழுந்திருந்தால் அதற்கான கிட் தனியாகக் கிடைக்கும், டிஸ்க்கை ஒப்பிட்டால் சொற்பக் காசு.

பேடின் காதுகள் உட்காரும் இடத்தில் எவர்சில்வர் கிளிப் இருக்கும். அதன் அடியில் பிராக்கெட் துருப்பிடித்து உப்பி, கிளிப்பைத் தூக்கி, பேடை நெருக்கும். கிளிப்பைக் கழற்றி அடியில் அரம் போட்டுச் சமன் செய்யுங்கள். பேடு கையால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். சுத்தியலால் தட்டி உட்காரவைக்கிற பேடு ஒருநாளும் திரும்பி வராது.

பிரேக் பிடித்தால் பெடல் துடிக்கிறது

ஸ்டீயரிங் ஆடினால் முன்பக்கம், இருக்கை அதிர்ந்தால் பின்பக்கம் என்பது பொதுவான கணக்கு, எப்போதும் சரியாக வராது. கேபிள் காலிப்பரை இழுக்கும் வகை வண்டியில் நல்ல சோதனை ஒன்று உண்டு. காலியான, காய்ந்த, நேரான சாலையில் 40 கி.மீ. வேகத்தில் ஹேண்ட்பிரேக் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே லீவரை மெதுவாக உயர்த்துங்கள். அதே துடிப்பு வந்தால் பின் டிஸ்க். உள்ளே குட்டி டிரம் இருக்கும் வண்டியில் இந்தச் சோதனை டிஸ்க்கைப் பற்றி எதுவும் சொல்லாது; எலக்ட்ரிக் வகையில் முயற்சியே செய்யாதீர்கள்.

டிஸ்க் மேல் பழி போடும் முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ‘லொட லொட’ என்றால் பேரிங். புது டிஸ்க் போட்டாலும் ஆட்டம் போகாது.

## பழைய டிஸ்க்கையும் பேடையும் வாசிப்பது

கழற்றியதும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். நாலு பேடையும் எடுத்த இடம் குறித்துத் தரையில் வரிசையாக வையுங்கள்.

உள்பேடு ஒட்டத் தேய்ந்து வெளிப்பேடு பருமனாக இருந்தால், பிஸ்டன் பிடித்த பேடு மட்டும் வேலை செய்திருக்கிறது. காலிப்பர் உடம்பு நகர்ந்து வெளிப்பேடை இழுக்கவில்லை. ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம், பிஸ்டன் திரும்பாமலும் இருக்கலாம். வெளிப்பேடு அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகர்ந்து வந்த இடத்திலேயே நின்றுவிட்டது, இதுவும் ஸ்லைடு பின் சமாச்சாரம். பேடு ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து ஆப்பு மாதிரி இருந்தால் இரண்டு ஸ்லைடு பின்னில் ஒன்று மட்டும் போச்சு.

டிஸ்க்கில் நடுவில் மட்டும் பளபளப்பு, ஓரத்திலோ உள்வட்டத்திலோ அகலமான துருப் பட்டை என்றால் பேடு முழுதாகப் படிவதில்லை. ஊதா, நீலப் புள்ளிகள் சூட்டின் அடையாளம். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி விரிசல் இருந்தால் வேறு பேச்சில்லை, மாற்ற வேண்டும்.

பருமனைப் பொறுத்தவரை, பின் டிஸ்க் பெரும்பாலும் காற்றுக் குழி இல்லாத ஒற்றைத் தட்டு. நடுத்தரக் கார்களில் புதிதில் 10 மி.மீ. சுமார் இருக்கும். எவ்வளவு வரை தேயலாம் என்று டிஸ்க்கின் விளிம்பிலோ கிண்ணத்திலோ பொறித்திருப்பார்கள்; 8 மி.மீ. பக்கத்தில் வரும். வெர்னியரை அப்படியே வைத்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள், ஓரத்தில் தேயாமல் நிற்கும் வரப்பைத்தான் அது அளக்கும். இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, டிஸ்க்கின் தேய்ந்த பகுதியில் இரண்டு பக்கமும் ஒன்றொன்று வைத்து, நாணயத்தோடு சேர்த்து அளந்து, பிறகு நாணயங்களின் பருமனைக் கழித்துவிடுங்கள்.

‘லேத்துல ஒரு கடை கடைஞ்சு போட்டுக்கலாம் சார்’ என்று சொல்வார்கள். முன் டிஸ்க்கில் சில சமயம் அர்த்தம் உண்டு. பின் டிஸ்க்கில் மொத்தமே 2 மி.மீ. சுமார்தான் சேமிப்பு. பாதி தேய்ந்ததில் கடைந்தால் மிச்சம் எதுவும் நிற்காது. மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள், பேடும் புதிது. பழைய பேடின் மேடு பள்ளம் புது டிஸ்க்கோடு ஒத்துப்போகாது.

## கழற்றும்போது

டிஸ்க்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ அசையவில்லை

ஹோண்டா வண்டிகளில் கூட்டல் குறி போன்ற தலை உள்ள ஸ்க்ரூ இரண்டு இருக்கும், ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகனில் டார்க்ஸ் எனும் ஆறுமுனைத் தலையில் ஒன்று. கை ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினால் முதல் முயற்சியிலேயே தலை வழித்துவிடும். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துக் கால் மணி நேரம் விட்டு, சுத்தியலால் அடித்தால் சுழலும் இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே வழித்துவிட்டதா, கவலை வேண்டாம். தலையை டிரில் போட்டு எடுத்துவிடலாம். டிஸ்க்கை உண்மையில் பிடித்திருப்பது சக்கர நட்டுகள்தான். ஸ்க்ரூ தொழிற்சாலையில் டிஸ்க் கீழே விழாமல் இருக்க. புது ஸ்க்ரூவை விரல் பலத்துக்குச் சற்று மேலே இறுக்கினால் போதும்.

பிராக்கெட் போல்ட்டு வழுக்குகிறது

தலையை நன்றாகப் பாருங்கள். பல ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் மாடல்களில் அது ஆலன் கீ வடிவம் அல்ல, பன்னிரண்டு முனைக் குழி. அதற்கென்று தனி பிட் உண்டு. சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் ஒரு நடை நடந்தால் கிடைக்கும். பிஸ்டன் திருகும் கருவியையும் அங்கேயே வாங்கிவிடலாம். குழிக்குள் அடைந்த மண்ணைக் குத்தி எடுத்து, பிட்டைச் சுத்தியலால் தட்டி அடி வரை இறக்கிய பிறகே திருகுங்கள். ஒருமுறை மட்டுமே பயன்படுத்தச் சொன்ன போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள்.

காலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். ஒரு கம்பியோ கயிறோ போட்டு ஸ்ப்ரிங்கில் கட்டுங்கள்.

டிஸ்க் வரவே மாட்டேன் என்கிறது

ஹேண்ட்பிரேக் இறங்கியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள். சிரிக்காதீர்கள், நானே மாட்டியிருக்கிறேன்.

டிஸ்க் கையால் சுற்றுகிறது, ஆனால் வெளியே வராமல் உள்ளே ஏதோ தடுக்கிறது என்றால் அது குட்டி டிரம் வகை. டிரம் உள்ளே வரப்பு விழுந்து ஷூ அதில் மாட்டியிருக்கும். டிஸ்க் முகத்திலோ பின்தகட்டிலோ ரப்பர் அடைப்போடு ஒரு துளை இருக்கும். அதன் வழியே டார்ச் அடித்து, பல் பல்லாக இருக்கும் சரிசெய்யும் சக்கரத்தை ஸ்க்ரூடிரைவரால் தளர்த்துங்கள். அடித்துப் பிடுங்கினால் டிஸ்க்கோடு ஸ்ப்ரிங்கும் ஷூவும் கையில் வந்துவிடும்.

மற்றபடி டிஸ்க்கும், அதைத் தாங்கிச் சுற்றும் ஹப்பும் துருவால் ஒட்டியிருக்கும். கிண்ணத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் இருந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட்டு சேரும். இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்கினால் டிஸ்க் ‘டொக்’ என்று பிரியும். துளை இல்லையா? நடுவில் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, போல்ட்டுத் துளைகளுக்கு நடுவே கிண்ணத்தின் முகத்தில் சுத்தியலால் தட்டுங்கள், சுற்றிச் சுற்றி. ஒரு சக்கர நட்டையோ போல்ட்டையோ நாலு மரை போட்டு வைத்தால் பிய்ந்து வரும்போது டிஸ்க் காலில் விழாது. டிஸ்க்கைத் திரும்பப் போடும் எண்ணம் இருந்தால் உராயும் முகத்தில் ஒரு அடி கூட விழக்கூடாது.

பிஸ்டன் உள்ளே போகவில்லை

எந்த வகை என்று பார்த்தீர்களா? முகத்தில் இரண்டு அல்லது நான்கு பள்ளங்கள் இருந்தால் திருகும் வகை. ஜி-கிளாம்ப் போட்டு நசுக்கினால் உள்ளே இருக்கும் மரை அமைப்பு பாழாகும். கருவியை வைத்து அழுத்தியபடியே சுற்றுங்கள். பெரும்பாலும் கடிகாரத் திசை, சில வண்டிகளில் ஒரு பக்கம் மட்டும் எதிர்த் திசை. சுற்றுகிறது, ஆனால் உள்ளே போகவில்லை என்றால் திசை தப்பு அல்லது அழுத்தம் போதவில்லை.

அதற்கு முன் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். விளிம்பு வரை இருந்தால் ஊசி போடாத சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். பிஸ்டன் உள்ளே போகப் போக ஆயில் ஏறி வழியும், பெயின்ட்டை அரித்துவிடும். பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கடைசியில் பிஸ்டனின் பள்ளம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். பல ஜப்பானிய வண்டிகளில் பேடின் முதுகில் ஒரு சிறு குமிழ் இருக்கும், அது பள்ளத்தில் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் பேடு சாய்ந்து நின்று ஒரு முனை மட்டும் தேயும்.

## புது டிஸ்க்கை வைக்கும் முன் அரை மணி நேரம்

மொத்த வேலையில் எல்லோரும் அவசரப்படும் இடம் இது. ஹப் முகத்தைக் கம்பி பிரஷ், உப்புத்தாள் கொண்டு வெறும் இரும்பு தெரியும் வரை தேயுங்கள், போல்ட்டுத் துளைகளைச் சுற்றியும், நடு மேட்டின் அடி மூலையிலும். அங்கே மாட்டிய ஒரு துருச் செதில் டிஸ்க்கின் ஓரத்தில் பல மடங்கு ஆட்டமாகத் தெரியும். மாட்டிய அன்றைக்கு எதுவும் தெரியாது. ஓட ஓட, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடில் தட்டித் தேய்ந்து, இரண்டு மூவாயிரம் கிலோமீட்டரில் பெடல் துடிக்கத் தொடங்கும். ‘டிஸ்க் வளைஞ்சிடுச்சு, டூப்ளிகேட்டு’ என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம். பெரும்பாலும் டிஸ்க் வளையவில்லை. சாய்ந்து உட்கார்ந்து, பருமன் சீரில்லாமல் தேய்ந்திருக்கும்.

புது டிஸ்க்கில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் இரண்டு முகத்தையும் துடைத்து எடுங்கள். மாட்டியதும் சக்கர நட்டுகளை வாஷர் வைத்து இறுக்கி, ஆட்டத்தை அளக்கும், காந்த அடித்தளம் வைத்த டயல் கேஜ் இருந்தால் ஓரத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். 0.05 மி.மீ.க்குள் இருந்தால் அருமை. 0.1-ஐத் தாண்டினால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு துளை தள்ளி மாட்டி மறுபடி அளவெடுங்கள்.

## மாட்டிய பிறகு

பெடல் தரை வரை போகிறது

முதல் அழுத்தலில் போகத்தான் செய்யும், பிஸ்டன் பின்னால் இருக்கிறது. வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே பெடல் கெட்டியாகும் வரை பம்ப் செய்யுங்கள். இதை மறந்து வண்டியை ரிவர்ஸ் எடுத்தவர்களின் சுற்றுச்சுவர் கதைகள் நிறைய உண்டு.

பம்ப் செய்தும் பஞ்சு மாதிரி அமுங்கினால், ஆயில் பாதையைத் திறந்தீர்களா என்று யோசியுங்கள். திறந்திருந்தால் காற்று. திறக்கவில்லை என்றால் காற்று புக வழியில்லை. பேடு கிளிப்பில் சரியாக உட்காரவில்லையா, பிஸ்டன் பள்ளம் பொருந்தவில்லையா என்று பாருங்கள். ஆயிலுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்தச் சாக்கிலேயே மாற்றிவிடலாம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலைக்கு வகுத்த கீழ்வரம்பு புதிதில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 155 தான்.

ஹேண்ட்பிரேக் உயரமாக வருகிறது, அல்லது நிற்கவில்லை

உடனே கேபிளை இறுக்க ஓடாதீர்கள். திருகும் வகைக் காலிப்பரில் பெடலைப் பலமுறை அழுத்தி, பிறகு ஹேண்ட்பிரேக்கைப் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்து விட்டால் உள்ளமைப்பு தானே சரிசெய்துகொள்ளும். அதற்கப்புறமும் உயரம் குறையவில்லை என்றால்தான் கேபிள். ஹேண்ட்பிரேக் இறங்கிய நிலையில் இரண்டு காலிப்பர் லீவரும் தங்கள் நிறுத்தத்தில் போய் உட்கார வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் சூடாகும் சக்கரத்தை நீங்களே தயாரிக்கிறீர்கள். குட்டி டிரம் வகையில் துளை வழியே பல்சக்கரத்தை ஷூ உரசும் வரை இறுக்கி, சக்கரம் தடையில்லாமல் சுற்றும் வரை சில பல் பின்னால் விடுங்கள்.

மாட்டியவுடன் தகரம் உரசும் சத்தம்

டிஸ்க்குக்குப் பின்னாலிருக்கும் மெல்லிய தகட்டுக் காப்பு. சுத்தியலோடு மல்லுக்கட்டியபோது வளைந்திருக்கும். கையால் கொஞ்சம் இழுத்துவிட்டால் போதும். மறுநாள் திடீரென்று அதே சத்தம் வந்தால் நடுவில் சின்னக் கல். ரிவர்ஸ் எடுத்தால் சிலசமயம் தானே விழுந்துவிடும்.

கீச்சென்ற சத்தம்

புது பேடில் முதல் சில நாள் வரலாம். படியவைக்க, போக்குவரத்து இல்லாத சாலையில் 60-லிருந்து 20 கி.மீ. வரை மிதமாக பிரேக் பிடித்துக் குறையுங்கள், நடுவே கொஞ்சம் ஓட்டி ஆறவிடுங்கள், ஒரு பத்துத் தடவை. முழுதாக நிறுத்த வேண்டாம், சூடாக இருக்கும்போது ஹேண்ட்பிரேக்கும் போடாதீர்கள். ஒரு வாரத்துக்குப் பிறகும் கீச்சிட்டால் பழைய கிளிப்பைத் திரும்பப் போட்டீர்களா, முதுகுத் தகடு விட்டுப்போச்சா, தேய்மானம் காட்டும் நாக்கு உள்ள பேடு தப்பான பக்கம் போச்சா என்று திறந்து பாருங்கள்.

ஏபிஎஸ் விளக்கு எரிகிறது

சுத்தியல் வேலையில் சென்சார் வயர் இழுபட்டிருக்கும், அல்லது கம்பி பிரஷ்ஷால் தேய்த்த இரும்புத் துகள் காந்த வளையத்தில் ஒட்டியிருக்கும். சென்சாரைக் கழற்றித் துணியால் துடைத்து, இணைப்பை ‘கிளிக்’ கேட்கும் வரை அழுத்தி, வயரைப் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள். சில வண்டிகளில் கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகுதான் விளக்கு அணையும். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள்: ஹோண்டாவில் 108 நியூட்டன் மீட்டர், லாரா, ஜெட்டாவில் 120. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை அதே அளவில் சரிபார்த்துவிட்டு, அப்படியே செல்போனை உள்ளே நீட்டி உள்முகத்தையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் ஆறு மாதத்துக்கு ஒன்று எடுக்கிறேன்.